ராக்கெட்டு சாமியின் கடைசிச் சந்தாதாரர்

எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்பட்டவர்கள் மட்டாஞ்சேரியில் ஏராளமாக இருந்தார்கள். எதிர்காலத்தின் பேரில் ஆண்டுச் சந்தா வாங்கியவர், எனக்குத் தெரிந்து, ராக்கெட்டு சாமி ஒருவர்தான். எந்தக் கப்பல் எப்போது வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில், கொச்சிக்கு ஒருநாளும் வர முடியாத கப்பல்களைப் பற்றி மட்டும் அவர் ஒரு தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். பெயர் ‘ஒளியாண்டு’. வேற்றுக் கிரகம், விண்கலம், இன்னும் பிறக்காத மனிதர்கள், இவை தவிர அதில் வேறெதற்கும் இடம் கிடையாது. மாமியார் மருமகள் கதை ஒன்றை யாரோ அனுப்பியபோது, “ரெண்டு பேரையும் சந்திரனுக்கு அனுப்பிச்சா போட்டுக்கறேன்” என்று பதில் எழுதியவர்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர், அதனால் கேரள வழக்கப்படி சாமி. ராக்கெட்டு என்ற பட்டம் பஜார் ரோட்டுச் சாயாக்கடையில் கிடைத்தது. ராக்கெட்டின் அடிப்பகுதி எப்படிக் கழன்று விழும் என்று ஒரு காலைப் பொழுதில் அங்கே விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழ்த் தம்ளரைச் சட்டென்று உருவிக் காட்டினார். மேல் தம்ளரில் சாயா இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளியின் மடியில் அது இறங்கியது. அவர் வேட்டியை உதறிக்கொண்டே வெளியே போகும்போது வைத்த பெயர்தான் கடைசிவரை நின்றது.

சாமி ஒரு சுக்கு வியாபாரியின் கிடங்கில் கணக்கெழுதினார். கிடங்கின் மாடியிலேயே ஓர் அறை. பத்திரிகை ஆபீசும் வீடும் அதுதான். கீழே சுக்கு மூட்டைகள், மேலே சாமி. அதனால் ‘ஒளியாண்டு’ இதழ் ஒவ்வொன்றிலும் சுக்கு வாசனை அடிக்கும். தலைபாரத்துக்கு நல்லது என்று சொல்லி அதற்காகவே சந்தா கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கதைகளை அவர் படித்ததில்லை. இதழ் தாமதமானால் மட்டும் மூக்கடைப்போடு வந்து விசாரிப்பார்.

நான் அந்தப் பத்திரிகைக்குள் நுழைந்தது என் கெட்ட குணத்தால். எனக்குத் தேதி முக்கியம். யார் எதைச் சொன்னாலும் அது என்றைக்கு நடந்தது என்று கேட்பேன். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், துக்க வீட்டிலும் கேட்டிருக்கிறேன். அப்போது வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. கப்பல் வரும் தேதி, போகும் தேதி எழுதுவதே பிழைப்பு. 1975 மழைக்காலத்தில் ‘ஒளியாண்டு’ இதழ் ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அதில் ஒரு கதை. செவ்வாய்க் கிரகத்தில் கல்யாணம், 2100ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி. நான் உடனே ஒரு கார்டு எழுதினேன்: ‘2100 லீப் வருடம் அல்ல. அந்த வருடத்தில் அப்படி ஒரு தேதி கிடையாது. எனவே அந்தக் கல்யாணம் செல்லாது.’

கார்டு போய்ச் சேர்ந்த அன்று மாலையே ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். ஒல்லியான உருவம், முழங்கை கிழிந்த சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி.

“கல்யாணத்தை நிறுத்தினது நீர்தானே?” என்றார்.

எந்தக் கல்யாணம் என்று கேட்டேன்.

“செவ்வாயில நடந்த கல்யாணமாக்கும். எடோ, ரெண்டு வருஷமா பத்திரிகை போடறேன். தப்புன்னு சொல்லி எழுதினவர் நீர் ஒருத்தர்தான். சரின்னு சொல்லி எழுதினவா அதுவும் இல்லை. நாளைக்கு ஆபீசுக்கு வாரும். இனிமே எதிர்காலத்துத் தேதியெல்லாம் உம்ம பொறுப்பு.”

அன்றிலிருந்து எனக்குப் பெயர் பஞ்சாங்கம். சம்பளம் இல்லாத உத்தியோகம், சந்தாவும் நானே கட்ட வேண்டும். கதைகளில் வரும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். நான் சொன்னதை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. “பஞ்சாங்கம் சொல்லியாச்சு” என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அந்த அறைக்கு நான் முதல் தடவை போனபோது அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. இன்னொன்று தேவைப்படும் சந்தர்ப்பம் வரவில்லை போலும். விற்காத இதழ்க் கட்டு ஒன்றை எனக்குத் தள்ளிப் போட்டார். நான் உட்கார்ந்ததும், “கொஞ்சம் மெதுவா உக்காரும், அது மார்கழி மாசத்து இதழ், ஒட்டு வலுவில்லை” என்றார்.

பத்திரிகை நடந்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அச்சடித்தவர் ஔசேப்பு சேட்டன். அவருடையது மலையாள அச்சகம். கொச்சியிலிருந்த தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகைக்காக அவர் கொஞ்சம் தமிழ் ஈய எழுத்து வாங்கி வைத்திருந்தார். அதே எழுத்தில்தான் ‘ஒளியாண்டு’. முகூர்த்த மாதம் வந்தால் எழுத்து முழுவதும் கல்யாணத்துக்குப் போய்விடும். ஆகவே மனித குலத்தின் எதிர்காலம் ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் மட்டும் வெளிவந்தது.

படங்களுக்கும் அதே கதி. ஔசேப்பு சேட்டனிடம் இருந்த அச்சுக்கட்டைகள் மொத்தம் நாலைந்து. பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம், நாதசுரம், கைகூப்பி நிற்கும் ஒரு பெண். சாமி அசரவில்லை. நாதசுரத்தை நிமிர்த்தி வைத்தால் ராக்கெட். வாழைமரம் வெள்ளிக் கிரகத்துக் காடு. கைகூப்பிய பெண் எல்லாக் கிரகங்களுக்கும் ராணி. பொள்ளாச்சியிலிருந்து ஒரு எழுத்தாளர் கோபமாக எழுதினார்: ‘என் கதையில் வருபவள் பூமியை அழிக்க வந்த கொடியவள். அவள் ஏன் வாசகர்களைக் கும்பிடுகிறாள்?’

சாமி பதில் போட்டார்: ‘அழிப்பதற்கு முன் ஒரு மரியாதை.’

எதிர்காலப் பத்திரிகைக்கு எதிர்காலத் தேதிதான் பொருத்தம் என்று சொல்லி, இதழின் அட்டையில் சரியாக நூறு வருடம் தள்ளித் தேதி போடுவார். 1976 ஆடி இதழில் 2076 ஆடி என்று இருக்கும். பத்திரிகைகளுக்கு உரிய சலுகைத் தபால் கட்டணத்தில் அதை அனுப்பப் போனபோது, தபால் குமாஸ்தா அட்டையை இரண்டு தரம் பார்த்தார்.

“சாமீ, இது இதுவரெ இறங்கியிட்டில்லல்லோ. 2076 ஆகட்டே. அப்போ கொண்டு வா.”

“வெளிவந்தாச்சு ஸாரே. கையில இருக்கே.”

“கையில் உண்டு. கலண்டரில் இல்ல.”

தேதியைத் திருத்திக்கொடு என்றார் குமாஸ்தா. திருத்த மாட்டேன் என்றார் சாமி. கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். உள்ளே ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ‘மேற்படி தேதியின் நூறாண்டு முன்பதிப்பு’ என்று போட்டோம். குமாஸ்தா ஒப்புக்கொண்டார். அரசாங்கத்துக்குப் புரியாத ஒன்று எழுத்தில் இருந்தால் போதும்.

இந்தக் கூத்துகளையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். ஆனால் இதழ்கள் தபாலில் போன பிறகு வரும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமி தினமும் மத்தியானம் கிடங்கு வாசலில் வந்து நிற்பார். தபால்காரர் சைக்கிள் தெரியும் வரை நிற்பார். அது அவரைத் தாண்டிப் போகும் வரை நிற்பார். பிறகு மாடிக்குப் போய்விடுவார். சந்தாதாரர்கள் சேர்ந்தால் ஒரு படகில் அடங்குவார்கள். அவர்களிலும் கடிதம் எழுதும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஒருமுறை இதழ்களுக்கு முகவரி எழுத உதவியபோது, ஒரு உறையில் அவருடைய சொந்த முகவரியே இருந்ததைப் பார்த்தேன். தவறுதலாக எழுதிவிட்டார் என்று நினைத்து எடுத்து வைத்தேன்.

“அது இருக்கட்டும். எனக்குன்னு ஒரு தபால் வரட்டுமே” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “எப்படிப் போய்ச் சேர்றதுன்னு ஒரு பரிசோதனையாக்கும்” என்று சேர்த்துக்கொண்டார்.

பத்திரிகை நின்றது 1979இல். நிறுத்தியவர் சாமி அல்ல. கொச்சித் தமிழ்க் குடும்பங்கள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பித்துவிட்டன. பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அடித்து என்ன பயன் என்றார்கள். எழுத்து சும்மா கிடந்தது. ஔசேப்பு சேட்டன் ஒருநாள் அத்தனையையும் எடை போட்டு விற்றுவிட்டார். வாங்கியவர் இடக்கொச்சியில் மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்.

செய்தி கேட்டதும் சாமி அச்சகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். சண்டை நடக்கும் என்று பயந்தேன். சாமி காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சேட்டா, அந்த நாதசுரம்?”

“அது மரக்கட்டை அல்லே. இருக்கு. எடுத்தோ.”

நாதசுரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். மறுவாரம் என்னை இடக்கொச்சிக்குக் கூட்டிப்போனார். காயல் ஓரம் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். வலை விரிந்து விழுந்து, ஓரத்துக் குண்டுகள் தண்ணீரில் இறங்கின.

“பார்த்தீரா” என்றார் சாமி. “நம்ம பத்திரிகை மொத்தமும் ஒரே வீச்சில முங்கியாச்சு.”

பிறகு அவர் சொன்னது அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம். ‘ஒளியாண்டு’வில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. ‘பதினேழாம் நிலையம்’. எழுதியது சாமியேதான். சனிக்கிரகத்துக்கும் அப்பால் ஒரு விளக்கு நிலையம். அந்த வழியாகப் போகும் கலங்களுக்கு விளக்குக் காட்ட அங்கே ஒரே ஒருவன், மாறன். அவனை மாற்ற வரவேண்டிய ஆள் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவன் தனியாகப் பூமிக்குப் புறப்படுகிறான். கதை நடுவழியில் நின்றது. மாறன் வியாழனைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

“ஒருத்தனைக் கூட்டிண்டு போய் நடுவழியில விட்டுட்டு வரலாமா?” என்றார் சாமி. “முடிச்சுட்டுத்தான் பத்திரிகையை மூடணும். இல்லாட்டா அது மூடினதாகாது. ஓடிப்போனதாகும்.”

கையால் எழுதி, படியெடுத்து அனுப்பலாம் என்றேன்.

“என் கையெழுத்தை எனக்கே வாசிக்க முடியாது.”

தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி உருட்டலாம் என்றேன்.

“அது ஆபீஸ் சர்க்குலர். மாறன் என்ன, லீவு எடுக்கறானா?”

பின்னே என்ன செய்வது என்று கேட்டேன்.

“ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போவேன். மீதிக் கதையை நேர்ல சொல்லுவேன். கடைசி ஆளுக்குச் சொல்லி முடிச்சதும் பத்திரிகை மூடியாச்சு. அதாக்கும் மரியாதை.”

சொன்னபடியே கிளம்பிவிட்டார். உலகத்தில் வேறு எந்தப் பத்திரிகாசிரியராவது இப்படிச் செய்ததாக நான் படித்ததில்லை.

முதலில் பள்ளுருத்தியில் தையற்கடை வைத்திருந்த ராவுத்தர். ‘ஒளியாண்டு’வை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த சந்தாதாரர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். சாமி மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். மாறனுக்கு ஆபத்து வரும் இடத்திலெல்லாம் ராவுத்தரின் கால் மிதிப்பதை நிறுத்திவிடும். ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண்மணி நேரமாகிறது என்று முதலில் முறைத்தாராம். பாதிக் கதையில் ராவுத்தர் ரவிக்கையை முடித்து நீட்டியபோது அதை வாங்காமல், “எந்நிட்டு?” என்று சாமியைக் கேட்டாராம். அப்புறம் என்ன என்று கேட்டதில் சாமிக்கு ஒரு மாதம் உற்சாகம் தாங்கியது.

அடுத்தவர் தோபிகானாவில் துணி வெளுப்பவர். அவருக்கு வேலையை நிறுத்த நேரமில்லை. சாமி கல்லுக்கு இந்தப்புறம் நின்று சொன்னார். நான் அங்கே இருந்தேன். வரிசையாகப் பத்துப் பேர் துணியைக் கல்லில் அடிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே சாமி நரம்பு புடைக்கக் கத்துகிறார்: “அங்கே காத்தே கிடையாது. ஒரு சத்தமும் இல்லை. பரிபூரண நிசப்தம்.”

“என்ன இல்ல சாமி?”

“நிசப்தம். நிசப்தம்.”

“கேக்கலியே சாமி.”

பக்கத்துக் கல்காரர் திரும்பி, “ஒண்ணுமில்ல, அங்க ஆருமே பேச மாட்டாங்களாம்” என்று எடுத்துச் சொன்னார்.

பாலக்காட்டுக்கு ரயிலில் போனார். அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா சந்தாதாரர். கோர்ட்டு வாசலில் பிடித்திருக்கிறார். “சுருக்கமா சொல்லுங்கோ சாமி, கேஸ் கூப்பிடப் போறா” என்றாராம் அவர். “சுருக்கமா சொல்ல இது தந்தியா ஓய்” என்று சொல்லிவிட்டு, கோர்ட்டு கலையும் வரை வேப்பமரத்தடியில் காத்திருந்து, அவர் வீடு வரை கூடவே நடந்து, வாசற்படியில் முடித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டார். குமாஸ்தா கதவைச் சாத்திய வேகத்தைச் சாமி நடித்துக் காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இடக்கொச்சிக்கும் அவர் தனியாகத்தான் போனார். அங்கே முன்பு படகு ஓட்டிய பெரியவர் ஒருவர் சந்தாதாரர். சாமி போனபோது அவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மகள் இறால் உரித்துக்கொண்டிருந்தாளாம்.

“அப்பாக்கு ரெண்டு வருஷமாக் கண்ணு தெரியாது சாமி” என்றிருக்கிறாள். “எனக்கானா தமிழ் வாசிக்க அறியாது. புஸ்தகம் வந்தா மோந்து பாப்பாரு. சாமி வந்தாச்சுன்னு சொல்லித் தலைமாட்டில வெச்சுக்குவாரு.”

சாமி அவளுக்கே கதையைச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார். அன்று நேராக என் வீட்டுக்கு வந்தார். “வாசிச்சுக் காட்ட ஆளில்லைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, நானே போயிருப்பேனே” என்றார். “எனக்கு என்ன ஜோலி.”

இப்படி ஒவ்வொருவராக முடிந்து, மிச்சம் இருந்தது நான் ஒருவன். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாமி வந்தார். என் மனைவி கமலா காப்பி வைத்தாள். சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மத்தவாளுக்கெல்லாம் விட்ட இடத்திலேர்ந்து சொன்னேன். உமக்கு அப்படிச் சொல்லப்படாது. நீர் உத்தியோகஸ்தர். முதல் அத்தியாயத்திலேர்ந்து வரணும்.”

அந்த ஞாயிறு மாறன் விளக்கைத் துடைத்ததோடு சரி. அடுத்த ஞாயிறு விளக்குக்கு எண்ணெய். அது என்ன எண்ணெய், எந்தக் கிரகத்திலிருந்து வந்தது என்று அதற்கு அடுத்த ஞாயிறு. ராவுத்தருக்கு ஒரே உட்காரலில் முடிந்த கதை எனக்கு வாரக்கணக்கில் நகரவில்லை. மாறன் புறப்பட்டான். இயந்திரம் பழுதானது. பெயரில்லாத ஒரு கிரகத்தில் இறங்கினான். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், போக விடவில்லை. பொங்கல் போயிற்று, ஓணம் போயிற்று. ராவுத்தர் கடையில் அளவு கொடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக் கிழித்தும் விட்டேன். மாறன் அந்தக் கிரகத்தை விட்டுக் கிளம்பவில்லை.

சட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதை வாங்கப் போன அன்று ராவுத்தரிடம், கதை முடிவு என்ன என்று கேட்டுவிட்டேன். தெரியாமல் இருப்பது எனக்கு ஆகாது.

ராவுத்தர் வாயிலிருந்த ஊசியை எடுத்தார். “உங்களுக்கு இன்னும் சொல்லலியா? அவன் ஊருக்கு வந்து சேர்ந்துட்டான். யாருக்கும் அவனை ஓர்மையில்ல. ஒரு வீட்டுல மட்டும் வெளக்கு வெச்சிருந்தாங்க. போனான். கப்பக்கிழங்கும் மீனும் வெச்சாங்க. தின்னான். அம்புட்டுதான்.” பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “சாமி சொல்றப்ப எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நான் சொன்னா ஒண்ணுமே இல்ல பாத்தீங்களா” என்றார்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். முடிவு இவ்வளவுதான், எல்லோருக்கும் சொல்லியாயிற்று, எனக்கு மட்டும் ஏன் இந்த மனுஷர் இழுத்தடிக்கிறார் என்றேன்.

கமலா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “நீங்கதானே கடைசி ஆளு” என்றாள். “உங்களுக்குச் சொல்லி முடிச்சா பத்திரிகை மூடியாச்சுன்னு அவரே சொல்லியிருக்காரே. பின்னே ஞாயித்துக்கிழமை அவர் எங்க போவார்?”

அதற்குப் பிறகு நான் முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. கமலா ஞாயிறன்று காப்பியோடு இட்லியும் வைக்க ஆரம்பித்தாள். சில நாட்களில் அவளே, “அந்தக் கிரகத்துல மழை உண்டா சாமி?” என்று ஏதாவது எடுத்துக் கொடுப்பாள். சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். அதோடு இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. மழை அங்கே கீழிருந்து மேலே பெய்யும் என்று தெரிந்தது. குடையை எப்படிப் பிடிப்பது என்பதற்கே ஒரு முழு ஞாயிறு போயிற்று.

1983இல் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. சாமியிடம் எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். இட்லியை மென்று விழுங்கினார்.

“நல்ல காரியம். அங்கே தமிழ் வாசிக்கறவா நெறைய பேர்” என்றார்.

கிளம்பும் நாளில் சாமான்கள் முன்பே போய்விட்டன. கமலாவும் நானும் எர்ணாகுளத்துக்குப் படகு பிடிக்க மட்டாஞ்சேரி ஜெட்டியில் நின்றோம். சாமி வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். தோளில் துண்டுகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசிக் காரியம் ஒன்றைச் செய்ய வந்த மாதிரி இருந்தது அவர் தோரணை.

“எடோ பஞ்சாங்கம். உம்மைப் பாதியில அனுப்பப்படாது. படகு வர்றதுக்குள்ள முடிச்சுடறேன்” என்றார். “சந்தா வாங்கிண்டு கதையை முடிக்காதவன்னு எனக்குப் பேர் வேண்டாம்.”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். பெயரில்லாத கிரகத்தை இரண்டே வாக்கியத்தில் கடந்தார். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு போயின. மாறன் செவ்வாயைத் தாண்டினான். சந்திரனைத் தாண்டினான். இவ்வளவு வேகமாக அவர் கதை சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. எதிர்க்கரையிலிருந்து படகு புறப்பட்டு வருவது தெரிந்தது.

“கார்த்திகையில பொறப்பட்டவன், மூணாம் வருஷம் அதே கார்த்திகையில பூமியைக் கண்டான். கீழே ஊர் தெரியறது. ஒவ்வொரு வீடா இருட்டா இருக்கு. ஒரே ஒரு வீட்டில மட்டும்...”

கமலா என் கையைப் பிடித்தாள்.

“சாமி” என்றேன். “ஒரு சந்தேகம்.”

அவர் நிறுத்தினார்.

“மாறன் புறப்பட்டது கார்த்திகையிலயா? ஆடியில இல்ல?”

“ஆடியா?”

“ஆடிதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆடியில நிலையத்தை விட்டவன் கார்த்திகையிலதான் வந்து சேர்ந்தான்னா, முழு வருஷக் கணக்குக்கு மேல நாலு மாசம் இடிக்குதே. அந்த நாலு மாசம் அவன் எங்க இருந்தான்?”

சாமி என்னைப் பார்த்தார். படகு ஜெட்டியை உரசி நின்றது. கயிற்றைக் கட்டினார்கள். ஆட்கள் இறங்கினார்கள்.

“நாலு மாசம்” என்றார் சாமி.

“அதைச் சரி பண்ணாம முடிவு சொன்னா நிக்காது சாமி.”

“எப்படி நிக்கும்?” என்றார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்டது. “நாலு மாசம்னா சாமானியமில்லையே. சும்மா இருந்திருக்க மாட்டான். எங்கேயோ போயிருக்கான். நம்மகிட்டச் சொல்லலை.”

“நீங்க யோசிச்சு வையுங்க. நான் லீவுல வரும்போது கேட்டுக்கிறேன்.”

“லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தபால்ல எழுதறேன். நீரும் எழுதும், சந்தேகம் இருந்தா. இருக்கும். நாலு மாசத்தில எவ்வளவு சந்தேகம் வரும்.”

நாங்கள் படகில் ஏறினோம். அது நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். கையசைத்து நிற்பார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, உதடு அசைய ஜெட்டியின் நீளத்துக்கு நடந்துகொண்டிருந்தார். நாலு மாதத்தில் எங்கே போனான் என்று அப்போதே தேட ஆரம்பித்துவிட்டார்.

மாறன் புறப்பட்டது கார்த்திகையில்தான். அச்சான இதழிலேயே அப்படித்தான் இருக்கிறது, அதைச் சரிபார்த்தவனே நான். என் ஆயுளில் தெரிந்தே தப்பாகச் சொன்ன தேதி அது ஒன்றுதான்.